ஒகேனக்கல் படித்துறையில் நீ கேட்ட கேள்விக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் முதலாண்டுத் திதி முடிந்து இன்றோடு 16 நாள் ஆகிறது. ஒகேனக்கல்லில் பிண்டத்தைக் கரைத்துவிட்டு ஈரத்துணியோடு எல்லோரும் படித்துறையில் உட்கார்ந்திருந்தபோது, நீ என்னைப் பார்த்து, "ஏன்டா தம்பி, இருபது வருஷமா கண்ணை மூடி மூடி உட்கார்றியே, அதுல அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டாய். "சொன்னா உனக்குப் புரியாதுக்கா" என்றேன். சித்தப்பா சிரித்தார். நீ ஒன்றும் பேசாமல் எழுந்து தூக்குப்போசியைக் கழுவப் போய்விட்டாய்.

அந்தச் சொல்லுக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். தொலைபேசியில் கேட்டிருக்கலாம், நேரில் வந்தும் கேட்டிருக்கலாம். ஆனால் பத்துப் பேர் முன்னிலையில் உன்னைச் சிறுமைப்படுத்திவிட்டு, மன்னிப்பை மட்டும் தனியாக வந்து கேட்பது நியாயமாகப் படவில்லை. பாப்பா இதைத் தன் கைப்பேசியில் உனக்குப் படித்துக் காட்டுவாள். உறவினர்களும் படிப்பார்கள் என்பதால் சில இடங்களில் நான் சுருக்கமாகத்தான் எழுதுவேன். எங்கே சுருக்குகிறேன் என்பது உனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

நீ கேட்டது நேர்மையான கேள்வி. இருபது ஆண்டுகளில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. உடம்புக்கு நல்லதா, இரத்த அழுத்தம் குறையுமா, தூக்கம் வருமா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டவள் நீ ஒருத்திதான். எனவே முடிந்த அளவு பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் மூச்சு. இடது நாசியில் 16 மாத்திரை இழுத்து, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரையில் விட வேண்டும் என்று திருமூலர் கணக்குச் சொல்கிறார். அந்த அளவை நான் ஒருநாளும் எட்டியதில்லை. அதே விகிதத்தில் 4, 16, 8 என்று தொடங்கி அதற்குச் சற்று மேலே போய் நின்றுவிட்டேன். பிறகு மூச்சை எண்ணுவதையும் விட்டுவிட்டு, அது தானாக வந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதல் ஓராண்டு முழுவதும் நான் பார்த்தது மூச்சையல்ல. பள்ளிக்கூடத்து மதிப்பெண் பட்டியலையும், வீட்டுக் கடனையும், யாரோ எப்போதோ சொன்ன ஒரு வார்த்தையையும்தான் பார்த்தேன். ஓர் எண்ணம் முடிந்து அடுத்தது எழுவதற்கு இடையே மயிரிழை போல் ஓர் இடைவெளி இருப்பது இரண்டாம் ஆண்டில்தான் கண்ணில் பட்டது. அந்த இடைவெளியை அகலப்படுத்த முயன்றால் முயற்சியே இன்னோர் எண்ணமாகி அதை அடைத்துவிடும். ஒன்றும் செய்யாமல் விட்டால் அது தானே அகன்றது.

2006-ஆம் ஆண்டு மார்கழியில் ஒருநாள் விடியற்காலை நாலரை மணிக்கு உட்கார்ந்தேன். மூச்சு மெலிந்து மெலிந்து, உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்று தெரியாத நிலைக்கு வந்தது. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, ஏனென்றால் பார்த்துச் சொல்வதற்கு அங்கே யாரும் இல்லை. கண்ணைத் திறந்தபோது சங்கத்துப் பால் வண்டி போய்விட்டிருந்தது. தினமும் எங்கள் வாசலில்தான் அது ஒலிப்பானை அடிக்கும். அன்று அது என் காதில் விழவே இல்லை. நான் தூங்கவில்லை என்பது மட்டும் உறுதியாகத் தெரியும். தூங்கி எழுந்தால் நாக்கில் ஒரு தடிப்பும் கண்ணில் ஒரு கனமும் இருக்கும். அன்று உடம்பு முழுவதும் இப்போதுதான் கழுவி வைத்தது போல் இருந்தது. யோக சூத்திரத்தில் பதஞ்சலி மனத்தின் அசைவுகளை ஐந்தாகப் பிரித்து, சரியான அறிவு, பிழையான அறிவு, வெறும் சொல்லைப் பற்றிக்கொண்டு எழும் கற்பனை ஆகியவற்றோடு உறக்கத்தையும் நினைவையும் அந்தப் பட்டியலிலேயே வைத்திருக்கிறார். உறக்கமும் மனத்தின் ஓர் அசைவு என்றால், அசைவற்ற நிலை உறக்கமாக இருக்க முடியாது என்பது அன்று எனக்குப் பாடமாக இல்லாமல் அனுபவமாக விளங்கியது.

ஆனந்தம் என்கிறார்களே, அது எப்போது வந்தது என்று நீ கேட்கலாம். எழுந்து பின்வாசலுக்குப் போய் முகம் கழுவும்போதுதான் வந்தது, அல்லது வந்திருந்தது தெரிந்தது. பாலக்கோட்டுச் சாலையில் புளியமரத்தடியில் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்ததே, கேழ்வரகு மூட்டையை அதில் இறக்கி வைத்ததும் கழுத்திலிருந்து ஒரு குளிர்ச்சி இறங்குமே, அதைத்தான் உனக்குச் சொல்ல முடியும். அந்தக் குளிர்ச்சி கல்லிலிருந்து வருவதில்லை. சுமை இல்லாததுதான் குளிர்ச்சி. நாற்பது வயதுவரை இறக்கியே வைக்காத ஒரு சுமை, 'நான்' என்கிற அந்த ஓயாத பேச்சு, ஏறக்குறைய அரைமணி நேரம் இல்லாமல் இருந்தது. அதில் இருப்பது இவ்வளவுதான் அக்கா. ஆனால் அது கொஞ்சமல்ல.

இதற்கு மேல் எழுதுவது எனக்குக் கடினம், ஏனென்றால் இனி வருவது 2009.

மாமா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார், நீ பட்டுப்புழு வளர்க்க 150 முட்டைத் தொகுதி எடுத்திருந்தாய், நான் வருவதாகச் சொல்லியிருந்தேன். மற்றவை உனக்குத் தெரியும். புழுவின் நாலாம் தோலுரிப்பு முடிந்து பெருந்தீனி தொடங்கிய அன்று நான் தீர்த்தமலைக்குப் போய்விட்டேன். ஒரு புழு தன் வாழ்நாளில் தின்னும் தழையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அந்தக் கடைசி ஏழெட்டு நாளில்தான் தின்கிறது என்பதைச் சின்ன வயதில் எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நீதான். தெரியாமல் போனேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. நீ ஒற்றை ஆளாக இரவும் பகலும் தழை வெட்டினாய், மழையில் நனைந்த தழையை உலர்த்தவும் கையில்லாமல் போட்டாய், புழுவைக் கொல்லும் பால்புழு நோய் விழுந்தது. அந்தக் கடனை நீ எப்படி அடைத்தாய் என்பதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை.

நான் மலையடிவாரத்தில் ஓர் அறையில் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தேன். தினமும் ஏறிப்போய் இராமர் தீர்த்தத்தில் தலையை நனைத்துவிட்டு வந்து உட்கார்வேன். 2006-இல் வந்தது மறுபடி வரவேண்டும் என்பதற்காகவே உட்கார்ந்தேன். வரவில்லை. வராது என்பது ஏட்டிலேயே இருக்கிறது. மனம் ஒருமுகப்படும் நிலைக்குப் பதஞ்சலி சொல்லும் நான்கு படிகளில் ஆனந்தம் மூன்றாவது. அதுவும் ஒரு படியே தவிர வீடு அல்ல. மூன்று ஆண்டுகள் நான் அந்தப் படியில் மீண்டும் கால்வைக்க அலைந்துகொண்டிருந்தேன். சாராயக்கடைக்குப் போகிறவனுக்கும் எனக்கும் அந்த ஒன்பது நாளில் பெரிய வேறுபாடு இருந்ததாக இப்போது எனக்குத் தோன்றவில்லை.

கங்கைக்கரையில் தவம் செய்த ஒரு யோகியின் கதையை ரமணர் சொல்வாராம். அவர் சீடனிடம் தண்ணீர் கேட்டுவிட்டு, அவன் கொண்டுவருவதற்குள் ஒடுக்கத்தில் ஆழ்ந்துவிட்டார். நெடுங்காலம் கழித்து விழித்ததும் அவர் வாயில் வந்த முதல் சொல் 'தண்ணீர்'. மனம் அடங்கியிருந்ததே தவிர அழியவில்லை, எந்த எண்ணத்தோடு உள்ளே போனதோ அதே எண்ணத்தோடு வெளியே வந்தது. இலயம் வேறு, நாசம் வேறு என்பதற்காகச் சொன்ன கதை அது. தீர்த்தமலையிலிருந்து அரூர் பேருந்தில் ஏறி உட்கார்ந்தபோது என் மனத்தில் எழுந்த முதல் எண்ணம் உன்னைப் பற்றியதுமில்லை, புழுவைப் பற்றியதுமில்லை. அடுத்த விடுமுறையில் எத்தனை நாள் கிடைக்கும் என்றுதான் கணக்கிட்டேன். இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அந்த மார்கழி விடியலுக்காக நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். அது திருட்டல்ல. உன்னுடையது எதையும் எடுத்து அதை நான் வாங்கவில்லை. நீயோ இரண்டையும் ஒன்றாக்கிவிட்டாய். பெரியம்மா பேத்தியின் திருமணப் பந்தியில், "எந்தம்பி கண்ணை மூடிட்டான்னா ஊரே எரிஞ்சாலும் தெரியாது" என்று நீ சொன்னதைக் கேட்டு நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து இரவு முழுவதும் தூங்கவில்லை. அம்மாவின் கடைசி மூன்று மாதத்தில் அவளைப் புரட்டிப் படுக்க வைத்து, துணி மாற்றி, ஒரே கேள்வியை அவள் நாற்பது முறை கேட்டபோது நாற்பது முறையும் முதல்முறை போலவே பதில் சொன்னது யார்? அந்தப் பொறுமை எனக்குப் பிறவியில் வந்ததில்லை என்பது உன்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. அதை நீ ஒருமுறையாவது எங்காவது சொல்லியிருக்கலாம்.

கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். நிறுத்துகிறேன். நீ எட்டாம் வகுப்போடு நின்றதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாதவன் கணக்குப் பார்க்கக் கூடாது.

நான் உண்மையில் எழுத வந்தது வேறு. புழு வளர்த்த மனையின் கூரை ஓட்டைப் பிரிக்கப் போவதாகவும், மல்பெரியைப் பிடுங்கிவிட்டுத் தக்காளி நடப்போவதாகவும் பாப்பா சொன்னாள். அன்றிலிருந்து எனக்கு ஒரே ஓர் இரவுதான் திரும்பத் திரும்ப வருகிறது. நினைவும் மனத்தின் அசைவு என்றால் இருக்கட்டும், இதை நான் அடக்கப் போவதில்லை.

எனக்கு ஒன்பது வயது, உனக்குப் பதினைந்து. மஞ்சள் கூடு கட்டும் புழு வளர்த்த காலம். அம்மா அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். மூன்றாம் நாளாகத் தழை தின்னும் சத்தம் தூறல் மழை போல் கேட்டுக்கொண்டிருந்த மனை, அன்று மாலையில் ஒரேயடியாக அடங்கிவிட்டது. நாலாம் தோலுரிப்பு. நீ தட்டுகளின்மேல் சுண்ணாம்புத்தூளைத் தூவிவிட்டு, "புழு தூங்குது, தொடாதே, பேசாதே" என்று சொல்லி, அரிக்கேன் விளக்கைத் தணித்துவைத்து, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தாய். எனக்குத் தூங்குவதுபோல் தெரியவில்லை. அவை தலையைத் தூக்கியிருந்தன. 50 முட்டைத் தொகுதி என்றால் 20,000 தலைகளாவது இருக்கும். அத்தனையும் ஒரே மாதிரி மேல்நோக்கி, மெல்லிய இழையால் பின்கால்களைத் தழையோடு ஒட்டிக்கொண்டு, தின்னாமல், அசையாமல், ஏதோ சொல்வதைக் கேட்பதைப்போல் நின்றன. மூங்கில் தட்டின் மணமும் சுண்ணாம்பின் மணமும் எனக்கு இப்போதும் வருகிறது.

நான் சிறிது நேரம் புழுவைப் பார்த்தேன். பிறகு உன்னைப் பார்த்தேன். நீ ஒரு தட்டின் மேல் கண்ணை வைத்தபடி, கையில் சுண்ணாம்புச் சல்லடையை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உதடு சற்றே திறந்திருந்தது. நீ மூச்சு விடுகிறாயா என்று எனக்குப் பயம் வந்தது. அப்பா களத்திலிருந்து உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாம் முறை கோபமாகவே கூப்பிட்டார். அவர் குரலுக்கு முதல் ஒலியிலேயே ஓடுகிறவள் நீ. அன்று நீ அசையவில்லை. உன் முகத்தில் இருந்தது எனக்கு அன்று புரியவில்லை. பின்னாளில் புத்தரின் சிலைகளில் அதைப் பார்த்தேன், ரமணரின் ஒரு புகைப்படத்தில் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. எங்கே என்பது இப்போது, ஓட்டைப் பிரிக்கப் போகிறாய் என்று கேட்ட பிறகுதான் விளங்கியது.

"சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறம் அரிது" என்று தாயுமானவர் பாடியதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த அரிய திறம் பதினைந்து வயதில், ஒரு குருவும் இல்லாமல், சுண்ணாம்புச் சல்லடையோடு உனக்கு வாய்த்திருக்கிறது என்றால், நான் இருபது ஆண்டுகள் எதற்காக அலைந்தேன் என்று எனக்கு உன்மேல் கோபமாகக்கூட வந்தது. கையில் வைத்திருந்தவள் ஏன் எனக்குச் சொல்லவில்லை? பெயர் தெரியாததைச் சொல்ல முடியாது என்பது அடுத்த நொடியே தெரிந்துவிட்டது. அதன் பிறகு உனக்குப் பெயர் தேட நேரம் எங்கே இருந்தது? நான்தான் எல்லா நேரத்தையும் எடுத்துக்கொண்டேனே.

ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. மறுநாள் சில புழுக்கள் முன்னதாகவே தோலை உரித்துவிட்டுப் பசியோடு தலையை ஆட்டின. நான் தழையை அள்ளிக்கொண்டு ஓடிவந்தபோது நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "முதல்ல எந்திரிச்சதுக்கு மட்டும் போட்டா மனையே ஏறுமாறா போயிடும், எல்லாம் எந்திரிக்கட்டும்" என்றாய்.

வரும் சனிக்கிழமை காலை நான் வருகிறேன். ஓட்டை இறக்கக் கூலியாள் வைக்க வேண்டாம், நானும் மாமாவும் போதும். தட்டுகளில் ஒன்றை எனக்குக் கொடு. அதற்கு முன் எனக்கு ஒரு பதில் வேண்டும். பால் கறந்து முடித்துவிட்டுக் கூப்பிட்டுச் சொன்னால் போதும். அன்று இரவு அப்பா கூப்பிட்டது உன் காதில் விழுந்ததா?

உன் தம்பி