ஜூன் 21: மொட்டைமாடியில் ஒரு குச்சி

16.06.2026, சென்னை

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஜூன் 21தான் மிக நீண்ட பகல்னா, அன்னைக்குத்தானே சார் வெயில் அதிகமா இருக்கணும்?" நியாயமான கேள்வி. அக்னி நட்சத்திரம் முடிந்து மூன்று வாரம் ஆகிறதே!

பகலின் நீளம் வேறு, வெயிலின் கடுமை வேறு. சூரியன் சென்னையின் உச்சிக்கு நேராக வருவது ஏப்ரல் 24 வாக்கில். அதன்பின் நம்மைத் தாண்டி வடக்கே போய், ஜூன் 21 அன்று கடகரேகைக்கு மேலே நின்று திரும்புகிறது. அதனால் அன்று நண்பகலில் நம் நிழல் தெற்கே விழும். டெல்லிக்காரர்களுக்கு இந்தக் காட்சி வாய்க்கவே வாய்க்காது.

அன்று நமக்குப் பகல் 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் 18 மணி நேரத்துக்கும் மேல். ஸ்வீடனில் பூச்சுற்றிய கம்பம் நட்டு ஊரே ஆடுவதும், இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தில் விடிய விடியக் காத்திருந்து சூரிய உதயம் பார்ப்பதும் இதற்காகத்தான். நீண்ட குளிர்கால இருட்டை அனுபவித்தவர்களுக்கு வெளிச்சம் திருவிழாதான். நாமோ நிழல் தேடி ஒதுங்குகிறவர்கள்.

"தட்சிணாயனம் ஆடி முதல் தேதிதானே?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாம். பஞ்சாங்கம் விண்மீன்களை வைத்துக் கணக்கிடுகிறது. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் சூரியன் தெற்கே திரும்பும் நாளும் ஆடி முதல் தேதியும் ஒன்றாகவே இருந்தன. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் இந்த இடைவெளி.

21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. ஒரு மீட்டர் குச்சியை மொட்டைமாடியில் நேராக நிறுத்துங்கள். நூலில் சாவியைக் கட்டித் தொங்கவிட்டால் சாய்வு தெரிந்துவிடும். பகல் 12.11க்கு நிழலைப் பிள்ளையே அளந்து, திசையையும் குறிக்கட்டும். 18 சென்டிமீட்டரை ஒட்டி வரும். 25 வந்தாலும் 25 என்றே எழுதட்டும். போன முறை பல தாள்களில் அப்பாக்களின் கையெழுத்தே இருந்தது.

மேகம் மூடினால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ பார்க்கலாம்; அளவு மாறியது தெரியாது. காலில் செருப்பு, தலையில் துணி அவசியம். சூரியனை நேராகப் பார்க்க விடாதீர்கள், கூலிங்கிளாஸ் போட்டிருந்தாலும்.

தாள்களைப் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்