சரிபார்க்க ஓர் ஆள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். செயற்கை நுண்ணறிவு (ஏஐ) யார் வேலையைப் பறிக்கும் என்று பேசுகிற அளவுக்கு, அது தரும் தகவலை யார் சரிபார்ப்பது என்று நாம் பேசுவதில்லை. நூலகத்தில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுதுகிறேன்.

வாசகர்கள் தேடி வரும் புத்தகங்களில், உலகத்திலேயே இல்லாத புத்தகங்களும் இப்போது சேர்ந்துவிட்டன. ஆசிரியர் உண்மையானவர், பதிப்பகமும் உண்மை, தலைப்பும் அவர் வைக்கக்கூடிய தலைப்புதான். ஆனால் அப்படியொரு நூல் வெளிவந்ததே கிடையாது. நூலகப் பட்டியலிலும் பதிப்பகத்தின் பட்டியலிலும் தேடிவிட்டு "இல்லைங்க" என்றால், "ஏஐ பக்க எண்கூடக் கொடுத்திருக்கிறதே!" என்கிறார்கள். ஆளை நம்பவைப்பது அந்தப் பக்க எண்தான். தெரியாததைச் சொல்கிற மனிதர் கொஞ்சமாவது தடுமாறுவார், நாமும் அதை வைத்தே எடைபோட்டுப் பழகிவிட்டோம். அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துக் கணித்து வாக்கியம் அமைக்கும் இந்தக் கருவி, சரியான பதிலையும் தவறான பதிலையும் ஒரே குரலில் சொல்கிறது.

2025 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழின் இணைப்பில் கோடைக்கால வாசிப்புக்கு 15 நூல்கள் பரிந்துரைக்கப்பட்டன. அவற்றில் 10 நூல்களை யாருமே எழுதியதில்லை. எழுதிக் கொடுத்தவர் ஏஐ தந்ததை அப்படியே எடுத்துக்கொண்டார். அதை வாங்கி அனுப்பிய நிறுவனமும் பார்க்கவில்லை, அச்சிட்ட நாளிதழும் பார்க்கவில்லை. நூலகப் பட்டியலை ஒருவர் திறந்து பார்த்திருந்தால் போதும், சில நிமிட வேலை.

2023இல் நியூயார்க்கில் நடந்தது என்னை இன்னும் கவலைப்பட வைக்கிறது. விமான நிறுவனம் ஒன்றின் மீதான வழக்கில், சாட்ஜிபிடி என்ற ஏஐ கருவி தந்த முன்தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். அவற்றில் பல, நடக்கவே நடக்காத வழக்குகள். 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. இதில் பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு: அந்த வழக்கறிஞர்களில் ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. "இது உண்மையான வழக்கா?" என்று கேட்கவும் செய்தார். ஆனால் கேட்டது சாட்ஜிபிடியிடமே. அதுவும் ஆமாம் என்றது. பரீட்சை எழுதிய பையனிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுத்தது போலத்தான் இது. சரிபார்ப்பது என்றால் அந்தத் திரையை விட்டு வெளியே வந்து மூல ஆவணத்தைப் பார்ப்பது. பதிலுக்குக் கீழே இணைப்பு இருந்தால் அதைத் திறந்து, சொன்ன விஷயம் அங்கே இருக்கிறதா என்று படிப்பது. இணைப்பு இருக்கிறது, ஆனால் விஷயம் அதில் இல்லை என்பதும் நடக்கிறது.

இந்தக் கருவியே வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கே தேடுவது என்று தெரியாதபோது நானும் பயன்படுத்துகிறேன்.

ஆனால் தகவல் சரியாகவே இருந்தாலும் அது கேட்டவருக்குப் பொருந்துமா என்பது தனிக் கேள்வி. மூட்டு வலிக்கு ஐபுப்ரோஃபன் என்ற வலி மாத்திரை சாப்பிடலாமா என்று கேட்டால் பலருக்கும் பொருந்துகிற பதில் கிடைத்துவிடும். அதையே மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு உண்டா, வயிற்றுப் புண் இருந்ததா, வேறு என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று முதலில் நம்மைக் கேட்பார். அப்புறம்தான் பதில். நாம் சொல்ல மறந்ததையும் கேட்டு வாங்குவதோடு, தவறினால் பதில் சொல்லும் பொறுப்பும் அவருக்கு இருக்கிறது.

அதனால் தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஏஐ உதவியுடன் தயாரான செய்தியோ பட்டியலோ தங்கள் இதழில் வெளியானால், அதைச் சரிபார்த்தவர் யார் என்று பெயருடன் கீழே குறிப்பிடுங்கள். பெயர் போடவேண்டும் என்றால் யாரும் மூலத்தைப் பார்க்காமல் கையெழுத்திட மாட்டார்கள். தவறு கண்ட வாசகர்களுக்கும் யாருக்கு எழுதுவது என்று தெரியும்.

இப்படிக்கு,
நூலகர் ஒருவர்