கஞ்சாவும் கணக்குப் போடும் மனமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் கஞ்சா குறித்து வெளியான கட்டுரையையும், அதை மறுத்து அடுத்த வாரம் வந்த வாசகர் கடிதத்தையும் படித்தேன். கஞ்சாவால் மூளைக்குக் கேடு என்பது மிகைப்படுத்தப்பட்ட பேச்சு என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். ஒருமுறை இழுத்தாலே புத்தி பேதலித்துவிடும் என்று வாசகர் எழுதியிருந்தார். பாளையங்கோட்டையில் பல ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பித்து, ஓய்வுக்குப் பின் அரசுத் தேர்வுகளுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவருபவன் நான். இந்த இரண்டு பேச்சுகளுமே அந்தப் பிள்ளைகளிடம் எடுபடாது என்பதை நேரில் அறிவேன். இரண்டிலும் விடுபட்டுப்போன ஒன்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பைத்தியம் பிடிக்கும் என்று மேடையில் சொல்லக் கேட்ட பையன், தன் தெருவிலேயே வாரக்கணக்கில் புகைத்தும் பைத்தியம் பிடிக்காத ஒருவனைப் பார்க்கிறான். அதோடு மேடையில் சொன்ன அனைத்தையும் பொய் என்று ஒதுக்கிவிடுகிறான். "அடிச்சா மண்டை தெளிவா ஓடும் சார், படிச்சது நல்லா நிக்கும்" என்று என்னிடமே ஒருவன் சொன்னதுண்டு. அவனுக்கு வேண்டியிருந்த பதில் பைத்தியத்தைப் பற்றியது அன்று; படிப்பைப் பற்றியது. அந்தப் பதில் அறிவியலில் தெளிவாகவே இருக்கிறது.

கஞ்சாவில் போதை தரும் முதன்மைப் பொருளான டெட்ராஹைட்ரோகன்னாபினாலை இஸ்ரேலிய வேதியியலாளர் ரஃபேல் மெக்கூலமும் அவருடைய சகாக்களும் 1964-இல் பிரித்தெடுத்தனர். அதை ஏற்றுக்கொள்ளும் வாங்கிகள் மூளையில் எங்கெல்லாம் செறிந்திருக்கின்றன என்பது பின்னர் தெரியவந்தது. புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியிலும், கவனத்தையும் திட்டமிடலையும் ஆளும் முன்மூளைப் புறணியிலும், உடல் அசைவுகளைச் சீராக்கும் சிறுமூளையிலும் அவை மிகுதி. மூளை தானே சுரக்கும் ஆனந்தமைடு போன்ற பொருள்கள், நரம்பணுக்களுக்கு இடையிலான செய்திப் போக்குவரத்தை வேண்டிய இடத்தில் வேண்டிய அளவுக்கு மட்டுப்படுத்துவதற்கு அமைந்த வாங்கிகள் அவை. வெளியிலிருந்து வரும் பொருளுக்கு அந்த இட அளவும் கால அளவும் கிடையாது. எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் மணிக்கணக்கில் படிந்து நிற்கிறது.

இதனால் முதலில் அடிபடுவது, ஒரு செய்தியைச் சில நொடிகள் மனத்தில் தாங்கிப் பிடித்துக்கொண்டே அதன்மேல் வேலை செய்யும் ஆற்றல். உளவியலார் இதைச் செயல் நினைவு என்பார்கள். ஒரு வேலையை ஒருவர் 12 நாள்களிலும் மற்றொருவர் 24 நாள்களிலும் முடிப்பார் எனில் இருவரும் சேர்ந்து எத்தனை நாள்களில் முடிப்பர் என்று குரூப் 4 தேர்வில் கேட்கும்போது, பன்னிரண்டில் ஒரு பங்கையும் இருபத்து நான்கில் ஒரு பங்கையும் மனத்தில் நிறுத்தி, இரண்டையும் ஒரே பகுதிக்குக் கொண்டுவந்து கூட்டி, வந்த எட்டில் ஒரு பங்கைத் திருப்பிப்போட்டு எட்டு நாள் என்று சொல்ல வேண்டும். ஒரு படியைச் செய்யும்போது முந்தைய படி நழுவினால் கணக்கு அங்கேயே நின்றுவிடும். மூன்று மணி நேரத்தில் 200 வினாக்கள் என்ற அந்தத் தேர்வில் அறிவைவிட இந்தத் தாங்கிப் பிடிக்கும் ஆற்றலே பல நேரம் ஆளைத் தேர்ந்தெடுக்கிறது என்பது என் அனுபவம். கஞ்சா கைவைப்பது சரியாக அந்த இடத்தில்தான்.

பிள்ளைகள் ஏமாறுவதற்கும் ஒரு காரணம் உண்டு. போதையில் இருக்கும்போது பழகிப்போன அறிவு பெரும்பாலும் சேதமில்லாமல் நிற்கும். வாய்ப்பாடு வரும், பாட்டு வரும், ஊர்க்கதை சரளமாக வரும். புதிதாகப் படிப்பது பதிவதில்தான் குறை. நேற்று இரவு புகைத்துவிட்டுப் படித்த பாடம் இன்று ஏன் நிற்கவில்லை என்று கேட்டால், தூக்கம் போதவில்லை என்றோ பாடம் கடினம் என்றோ பையன் சொல்லுவான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அப்படித்தான் தோன்றுகிறது. கஞ்சாவுக்கு இன்னொரு குணமும் உண்டு: காலம் நீண்டதுபோல் தோன்றவைக்கும். அரை மணி நேரம் படித்தவன் ஒரு மணிக்குமேல் படித்ததாக நம்பி எழுந்துவிடுவான். சாதாரண எண்ணமும் ஆழ்ந்த எண்ணமாகத் தெரியும். சுருக்கமாகச் சொன்னால், விடைத்தாளை எழுதுபவனும் மயங்கியிருக்கிறான், அதைத் திருத்துபவனும் மயங்கியிருக்கிறான், இருவரும் ஒரே ஆள். "மண்டை தெளிவா ஓடும்" என்ற சான்றிதழுக்கு இதற்கு மேல் மதிப்பில்லை.

இந்தச் சேதம் எவ்வளவு நாள் நிற்கும் என்பதைத்தான் யாரும் மேடையில் சொல்வதில்லை. நற்செய்தி என்பதால் மறைக்கிறார்களோ என்னவோ. நெடுங்காலம் மிகுதியாகப் புகைத்த பெரியவர்களை நிறுத்தவைத்துச் சோதித்த ஹார்வர்டு ஆய்வொன்று 2001-இல் வெளிவந்தது. ஒரு வாரம் வரை நினைவாற்றல் குறைவு தெரிந்தது. 28-ஆம் நாளில், புகைக்காதவர்களுக்கும் இவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இளைஞர்கள் குறித்த 69 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான மதிப்பாய்வும், குறைபாடு சராசரியில் சிறியதே என்றும், 72 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தியிருந்தவர்களிடம் அது பெரும்பாலும் மங்கிவிட்டது என்றும் கூறுகிறது. கட்டுரையாளர் கையில் எடுத்துக்கொண்டது இந்தப் பக்கத்தை மட்டுமே.

மறுபக்கத்தில் நியூசிலாந்தின் டனீடின் நகர ஆய்வு இருக்கிறது. 1972-73-இல் பிறந்த 1,037 குழந்தைகளை அங்கே இன்றுவரை தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். பதின்பருவத்தில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் கஞ்சாவைச் சார்ந்திருந்தவர்களுக்கு, சிறுவயதில் எடுத்த நுண்ணறிவு அளவைவிட (ஐ.க்யூ.) 38 வயதில் சராசரியாக 8 புள்ளிகள் குறைந்திருந்ததாகவும், பெரியவர்களான பின் நிறுத்தியும் அது முழுமையாக மீளவில்லை என்றும் 2012-இல் அறிவித்தார்கள். வயது வந்தபின் தொடங்கியவர்களிடம் இத்தகைய சரிவு தெரியவில்லை. இதற்கும் எதிர்வாதம் வந்தது. 2016-இல் அமெரிக்க இரட்டையர்களை ஒப்பிட்ட ஆய்வில், புகைத்தவருக்கும் புகைக்காத உடன்பிறப்புக்கும் அத்தகைய வேறுபாடு தென்படாததால், குடும்பச் சூழலே காரணமாக இருக்கலாம் என்றார்கள். வழக்கு முடியவில்லை. ஆனால் முன்மூளை இருபத்தைந்து வயதை ஒட்டியே முழு வளர்ச்சி அடைகிறது என்பதில் வழக்கில்லை. பதினாறு வயதுப் பிள்ளையின் மூளையைப் பணயம் வைத்து அந்தத் தீர்ப்புக்குக் காத்திருக்க எந்தத் தகப்பன் சம்மதிப்பான்?

கட்டுரையாளர், ஆங்கிலேய அரசு அமைத்த 1893-94-இன் இந்தியக் கஞ்சா ஆணையத்தைத் தம் துணைக்கு அழைத்திருந்தார். அந்த அறிக்கை நேர்மையானதுதான். மனநலக் காப்பகப் பதிவேடுகளில் கஞ்சாவின் பேரில் எழுதப்பட்ட பைத்தியக் கணக்குகளில் பெரும்பகுதிக்கு ஆதாரமில்லை என்று துணிந்து சொன்னது; அளவான பழக்கத்தால் மனத்துக்குத் தீங்கில்லை என்றும் சொன்னது. ஆனால் மனத்தைப் பொறுத்தவரை ஆணையத்தின் முன் இருந்த முதன்மைக் கேள்விகள் பைத்தியம் பிடிக்குமா, குற்றம் பெருகுமா போன்றவையே. நினைவாற்றலை எண்ணிட்டு அளக்கும் முறையான சோதனைகள் அன்று பரவலான நடைமுறையில் இல்லை. பிரான்ஸில் உளவியலாளர் ஆல்ஃப்ரெட் பினேயின் அறிவுச் சோதனை வந்ததே 1905-இல். உழைத்துக் களைத்த நாட்டுப்புற மனிதரின் சாயங்காலப் பழக்கத்தைப் பார்த்துச் சொன்ன முடிவை, நீட் தேர்வுக்கு 180 நிமிடத்தில் 180 வினாக்கள் எழுதும் பிள்ளைக்குப் பொருத்த முடியாது.

பொதிகையடிவாரம் ஆகையால் இங்கே இன்னொரு வாதமும் உலவுகிறது: கோரக்கர் மூலிதானே (கஞ்சாவுக்குச் சித்த மருத்துவத்தில் உள்ள பெயர்), சித்தர்கள் பயன்படுத்தியதுதானே என்பது. சித்த மருத்துவத்தில் அது சுத்தி செய்யப்பட்டு, பல சரக்குகளோடு சேர்ந்து, நோய்க்கு ஏற்ற அளவில் கொடுக்கப்படும் மருந்து. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படிக்கும் எந்த மாணவரைக் கேட்டாலும் இதைச் சொல்லுவார். மருந்தாக லேகியத்தில் இருப்பதால் அது மாணவனுக்கு மதிய உணவு ஆகிவிடாது. சாக்லேட் என்ற பெயரில் இப்போது விற்பது அதனினும் மோசம். வயிற்று வழியாகப் போதை ஏற ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம் என்பதால், ஒன்றுமில்லை என்று நினைத்து இரண்டாவதையும் தின்றுவிடுகிறார்கள்.

காவல்துறையின் கஞ்சா வேட்டைகளையும் பள்ளிகளில் எடுக்கப்படும் உறுதிமொழிகளையும் நான் குறை சொல்லவில்லை. பொட்டலம் விற்பவனைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் நிறுத்த விரும்பும் பையனுக்கு அவை வழிகாட்டுவதில்லை. நம் பகுதியில் காவலர் தேர்வுக்கும் சார்பு ஆய்வாளர் தேர்வுக்கும் படிப்போர் ஏராளம். பேரில் ஒரு வழக்கு விழுந்தால் நன்னடத்தைச் சரிபார்ப்பில் எல்லாம் போய்விடும் என்ற அச்சத்தில், மகனுக்குப் பழக்கம் இருப்பது தெரிந்தும் குடும்பம் வாய்திறப்பதில்லை, மருத்துவரிடமும் போவதில்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள்கள் மற்றும் உளவெறிப் பொருள்கள் சட்டத்தில் 64-ஏ என்றொரு பிரிவு இருப்பது அவர்களுக்குத் தெரியாது. பழக்கத்துக்கு அடிமையானவர், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டிருந்தாலும், அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த மருத்துவ நிலையத்தில் தானே முன்வந்து சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்கு வழக்குத் தொடர்வதிலிருந்து அவருக்கு விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு திரும்பப் பெறப்படலாம். கஞ்சாவைப் பொறுத்தவரை சிறிய அளவு என்பது ஒரு கிலோ வரை.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். 64-ஏ பிரிவின் விவரத்தையும், போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446-ஐயும், மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416-ஐயும் வேலைவாய்ப்புச் செய்திகள் வரும் பக்கத்தில் அடிக்கடி வெளியிடுங்கள். பிள்ளைகள் தவறாமல் பார்க்கும் பக்கம் அது ஒன்றே. மாவட்ட நிர்வாகத்துக்கும் தங்கள் வாயிலாக ஒன்று கேட்கிறேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்ட வகுப்புகளுக்கு, ஹைகிரவுண்டில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலிருந்து ஒரு மருத்துவரை ஒவ்வொரு பயிற்சிக் குழுவுக்கும் ஒருமுறையாவது அனுப்பி, நினைவாற்றலுக்கு என்ன ஆகிறது, நிறுத்தினால் எத்தனை நாளில் தெளியும் என்பதை விளக்கச் செய்ய வேண்டும். அந்த ஒரு மணி நேரம் சீருடையில் யாரும் அறையில் இல்லாதிருப்பது நல்லது. இருந்தால் ஒரு பையனும் கேள்வி கேட்க மாட்டான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
பெருமாள்புரம், பாளையங்கோட்டை.