அந்தப் பெட்டியில் ஓர் அக்கா இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

என் பேத்திக்கு ஏழு வயது. குளியல் துண்டைக் கழுத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டு திண்ணையிலிருந்து குதிப்பாள், பறக்கிறாளாம். பிறந்தநாளுக்குப் பொம்மை வாங்க மஞ்சக்குப்பத்தில் ஒரு கடைக்கு அழைத்துச் சென்றேன். ஆறு சூப்பர் ஹீரோக்கள் அடங்கிய பெட்டியை எடுத்தாள். ஆறும் ஆண்கள். "இதில் அக்கா யாரும் இல்லையா?" என்று கேட்டாள். கடைக்காரரோ, "அது பையன்களுக்கு. பாப்பாவுக்குச் சமையல் செட் காட்டட்டுமா?" என்றார். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? படம் எடுப்பவர்களே அப்படித்தானே இருந்தார்கள்? வொண்டர் வுமன் என்ற பெண் சூப்பர் ஹீரோ 1941-இல் காமிக்ஸில் பிறந்த கதாபாத்திரம்; தனிப் படமாகத் திரையரங்குக்கு வர 2017 ஆனது. 2008-இல் தொடங்கிய மார்வெல் சூப்பர் ஹீரோ பட வரிசையில் ஒரு பெண்ணைத் தனி நாயகியாக்கியது 2019-இல் வந்த 21-ஆவது படம்தான். அதே வரிசையில் பிளாக் விடோ என்ற வீராங்கனை 2010 முதல் ஆண்களோடு தோளோடு தோள் நின்று சண்டையிட்டாள். அவளுக்கென்று படம் வந்தது 2021-இல், கதையில் அவள் இறந்த பிறகு! இதை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை.

2025-இல் மலையாளத்தில் வந்த 'லோகா' என்ற சூப்பர் ஹீரோ படம் ஒரு பெண்ணை நடுவில் நிறுத்தியது. மக்கள் திரண்டு பார்த்தார்கள். ஊர் எல்லையில் சூலம் ஏந்திய அம்மனைக் கும்பிடும் நம் தமிழ்த் திரையுலகம் ஏன் தயங்க வேண்டும்?

அந்தப் பெட்டியைத்தான் வாங்கி வந்தோம். அதில் ஒரு பொம்மைக்குப் பேத்தி கறுப்பு நூலால் சடை பின்னி ஒட்டியிருக்கிறாள்.

- ஒரு வாசகி, கடலூர்