பகுதிநேரப் பிள்ளைகளின் டாக்ஸ் கோட்: பிரிட்டனில் கடை நடத்தும் தமிழ் முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

ஈஸ்ட்ஹாம், ஹரோ, டூட்டிங், குரொய்டன் என்று எங்கே பார்த்தாலும் நம்மவர் கடைகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் உணவகங்களிலும் சனி, ஞாயிறு வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் படிக்கிற பிள்ளைகள். கோடை விடுமுறையில் இன்னும் கூடுதலாக வருவார்கள். கட்டவே தேவையில்லாத வருமான வரி அவர்கள் சம்பளத்திலிருந்து கழிந்து போவதை, கடைகளுக்குச் சம்பளக் கணக்கு எழுதும் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். பிரிட்டனின் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. தவறு செய்துவிட்டது என்றே பலரும் சொல்கிறார்கள். ஆனால் பல வேளைகளில் தவறு தொடங்குவது பிள்ளை வேலைக்குச் சேரும் நாளில், உங்கள் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில். ஆகவே மடலை உங்களுக்கே எழுதுகிறோம்.

ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரையான வரியாண்டில் முதல் 12,570 பவுண்டுக்கு வருமான வரி கிடையாது. சம்பளத்திலிருந்து எவ்வளவு வரி பிடிப்பது என்று முதலாளிக்குச் சொல்லும் குறியீடே டாக்ஸ் கோட். அந்த வரம்பு முழுவதும் உங்கள் கடைச் சம்பளத்துக்கே சேர்ந்தால் கோட் 1257எல். ஸ்கொட்லாந்தில் வசிப்பவருக்கு முன்னால் எஸ், வேல்ஸில் வசிப்பவருக்கு சி வரும். பி.ஆர். என்றால் முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம். 0டி என்றாலும் வரியில்லா வரம்பு இல்லை. கோடின் பின்னால் டபிள்யூ1, எம்1 அல்லது எக்ஸ் ஒட்டியிருந்தால், ஒவ்வொரு வாரமும் அல்லது மாதமும் தனித்தனியாகக் கணக்கிடப்படும். முந்தைய வாரங்களில் பயன்படாமல் கிடந்த வரம்பு சேராது.

ஜூலையில் முதல் வேலைக்குச் சேர்ந்து, பத்து வாரம், வாரம் 300 பவுண்டு உழைக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 3,000 பவுண்டு. கோட் வெறும் 1257எல் என்றால் வரி பூச்சியம். ஏப்ரலிலிருந்து சேர்ந்த வரம்பு அவளைக் காக்கும். அதே கோடில் டபிள்யூ1 ஒட்டிவிட்டால், வரம்பின் ஒரு வாரப் பங்கான 242 பவுண்டுக்கு மேற்பட்ட 58 பவுண்டுக்கு வரி, அதாவது 11.60, பத்து வாரத்தில் 116 பவுண்டு. பி.ஆர். அல்லது 0டி போட்டுவிட்டால் வாரம் 60, மொத்தம் 600 பவுண்டு. ஒரே பிள்ளை, ஒரே வேலை. 600 பவுண்டு என்றால் அவள் இரண்டு வாரம் சம்பளமே இல்லாமல் நின்று உழைத்ததற்குச் சமம். இதைச் சின்னத் தொகை என்று யாரும் சொல்லக் கூடாது.

இந்த வேறுபாட்டை முடிவு செய்வது ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் என்ற ஒரு படிவம். பி45 (முந்தைய முதலாளி தரும் விலகல் சான்று) கொண்டு வராத ஒவ்வொருவரும் முதல் சம்பளத்துக்கு முன் அதை நிரப்ப வேண்டும். அதில் ஏ, பி, சி என்ற மூன்று கூற்றுகளில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். ஏப்ரல் 6க்குப் பிறகு இதுதான் முதல் வேலை, வரிக்குட்பட்ட உதவித்தொகையும் ஓய்வூதியமும் இல்லை என்றால் ஏ: வெறும் 1257எல். இப்போது இது ஒன்றே வேலை, ஆனால் இந்த வரியாண்டில் முன்பு வேறொன்று இருந்தது என்றால் பி: 1257எல் டபிள்யூ1 அல்லது எம்1. வேறு வேலையும் கூடவே ஓடுகிறது என்றால் சி: கோட் பி.ஆர். ஆகும். இந்தப் படிவமே இல்லையென்றால் 0டி போடத்தான் விதி சொல்கிறது. ‘பிறகு நிரப்பலாம்’ என்று ஒதுக்கி வைத்த ஒரு தாளின் விலைதான் மேலே சொன்ன 600 பவுண்டு. தயவுசெய்து பிள்ளையையே நிரப்ப விடுங்கள். அவசரத்தில் நீங்கள் சி-யில் அடையாளம் போட்டு அனுப்பாதீர்கள்.

நேஷனல் இன்ஷூரன்ஸ் (சமூகக் காப்புறுதி) எண் இன்னும் வரவில்லை என்பதற்காக பி.ஆர். போடுவது வெறும் தவறான பழக்கம். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் படிக்க வந்த மாணவர்கள் இதில் அதிகம் சிக்குகிறார்கள். வேலை செய்யும் உரிமையைச் சரிபார்த்தாயிற்றென்றால், எண் வரும்வரை அந்த இடத்தை வெறுமையாக விட்டுக் கணக்கை அனுப்பலாம். கோடை முடிவு செய்வது செக்லிஸ்ட்தான். எண்ணைக் கற்பனையாக எழுதிவிடாதீர்கள். பிறகு அவிழ்ப்பது பெரும்பாடு. மாணவருக்கு வரியே இல்லை என்று சொல்லி அனுப்புவதும் சரியல்ல. விடுமுறை வேலைக்கென்று முன்பு இருந்த பி38(எஸ்) படிவம் 2013 ஏப்ரலோடு போய்விட்டது. மாணவருக்கும் மற்றவருக்கும் விதி ஒன்றே.

அடுத்த சிக்கல் வேலையை விட்டுப் போகும்போது வருகிறது. பிள்ளை செப்டெம்பரில் பல்கலைக்கழகம் போய்விடும், சம்பளம் கொடுக்கும்போது எச்.எம்.ஆர்.சி.க்கு அனுப்பும் எஃப்.பி.எஸ். அறிக்கையில் விலகிய திகதியை யாரும் போடமாட்டார்கள். எச்.எம்.ஆர்.சி. பார்வையில் அந்த வேலை இன்னும் உயிரோடிருக்கும், வரம்பும் அங்கேயே பூட்டிக் கிடக்கும். லெஸ்டரிலோ மான்செஸ்டரிலோ அடுத்த வேலை தேடிக்கொண்ட பிள்ளைக்கு அங்கே பி.ஆர். விழும். எனவே விலகிய திகதியைப் போடுங்கள், பி45 கொடுங்கள். விலகவில்லை, அடுத்த விடுமுறைக்கு வருவார் என்றால், ஒழுங்கற்ற சம்பளம் என்பதற்கான குறியை அதே அறிக்கையில் போடுங்கள். இல்லாவிட்டால் மூன்று மாதம் சம்பளம் இல்லாதவரை விலகியவராக எடுத்துக்கொள்ளக்கூடும். விலகியவரைத் திரும்ப எடுக்கும்போது புதிய பேரோல் (சம்பளப் பட்டியல்) எண் கொடுங்கள். பழைய எண்ணையே போட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு வேலை என்று பதிவாகிவிடக்கூடும்.

பிள்ளை வந்து கோட் பிழை என்று சொன்னால், வாய்ச்சொல்லை வைத்து நீங்கள் மாற்ற முடியாது. புதிய கோடைச் சொல்லும் பி6 அறிவிப்பு எச்.எம்.ஆர்.சி.யிடமிருந்து வர வேண்டும். ஆனால் அது பல சமயம் உங்கள் பி.ஏ.ஒய்.இ. (சம்பளத்திலேயே வரி பிடிக்கும் முறை) ஒன்லைன் கணக்கில் ஏற்கெனவே வந்து, திறப்பாரின்றிக் கிடக்கிறது. ஒவ்வொரு சம்பளத்துக்கும் முன் அதைத் திறந்து பாருங்கள். ஏப்ரல் 6 வந்ததும் பழைய டபிள்யூ1, எம்1 ஒட்டுகளைப் புதிய ஆண்டுக்குக் கொண்டு போகாதீர்கள்.

உங்கள் பணமும் இதில் இருக்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு நேஷனல் இன்ஷூரன்ஸ் வகை பொதுவாக எம். வழக்கமான ஏ வகையைப் போட்டால் 2025 ஏப்ரலிலிருந்து, வாரம் 250 பவுண்டு வாங்கும் பிள்ளைக்கு முதலாளி பங்காக வாரந்தோறும் 23.10 பவுண்டு வீணாகும். முதலாளி பங்கில் அரசு தரும் கழிவான எம்ப்ளாய்மெண்ட் அலவன்ஸ் மிச்சமிருக்கும்வரை இது கண்ணில் படாது. பிள்ளையின் பங்கு வேறு விடயம்: வாரம் 242 பவுண்டுக்கு மேல் 8 சதவீதம். இது டாக்ஸ் கோடைப் பொறுத்ததல்ல, 16 வயது நிரம்பாதவருக்குக் கிடையாது.

இரண்டு கடைகளில் உழைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஒன்று உண்டு. ஒன்றில் ஆண்டுக்கு 6,000, மற்றதில் 4,000 பவுண்டு என்றால் மொத்தம் வரம்புக்குள்தான். இருந்தும் இரண்டாவதில் பி.ஆர். 800 பவுண்டை எடுத்துவிடும். வரம்பை இரண்டு வேலைகளுக்கும் பிரித்துத் தரும்படி எச்.எம்.ஆர்.சி.யிடம் கேட்கலாம். அவர்களின் செயலியிலோ இணையக் கணக்கிலோ எந்த வேலைக்கு எந்தக் கோட், எவ்வளவு வருமானம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள் என்பது தெரியும். முடிந்துபோன வேலை அங்கே தொங்கிக்கொண்டிருந்தால் அறிவிக்கலாம், பிழையான மதிப்பீட்டைத் திருத்தலாம். தொலைபேசி 0300 200 3300.

அதே வரியாண்டுக்குள் ஒட்டில்லாத சரியான கோட் வந்துவிட்டால், கூடுதலாகப் பிடித்தது அடுத்த பேஸ்லிப்பிலேயே திரும்பும். ஆண்டு முடிந்துவிட்டால், மே 31க்குள் நீங்கள் கொடுக்க வேண்டிய பி60-ஐ (ஆண்டின் சம்பளமும் வரியும் காட்டும் சான்று) வைத்து இணையக் கணக்கில் கோரலாம். கூடுதல் வரியைக் கணக்கிட்டு எச்.எம்.ஆர்.சி. அனுப்பும் பி800 கடிதமும் வரக்கூடும். விலகியவர்களுக்கு பி45 போதும். முந்தைய நான்கு வரியாண்டுகள் வரை கோர முடியும்: 2022-23இல் கழிந்த பணத்துக்கு 2027 ஏப்ரல் 5 கடைசி நாள். கோரிக்கைக்குக் கட்டணம் இல்லை. பங்கு கேட்கும் முகவர்களிடம் போக வேண்டியதில்லை. உங்களிடம் முன்பு வேலை செய்த பிள்ளைகள் பழைய பேஸ்லிப் கேட்டு வந்தால், தேடி எடுத்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கடைகளுக்குச் சம்பளக் கணக்கு எழுதும் சிலர்