வெள்ளிக்காரரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள்

கொலோன்,
15.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

போன வாரம் அம்மா போனில் ஒரு விஷயம் சொன்னாள். கடை மாடியில் இருக்கிற ட்ரங்குப் பெட்டி நெகட்டிவ் முழுவதையும் எடைக்குப் போடப் போகிறீர்களாம். பழைய நெகட்டிவிலிருந்து வெள்ளி எடுக்கிறவர் வந்து பார்த்துவிட்டுப் போனாராம். "எல்லாம் பாஸ்போர்ட் சைஸ் மூஞ்சி, இனி யாருக்கு வேணும்" என்று நீங்கள் சொன்னீர்களாம். உங்களிடமே போனில் கேட்டிருப்பேன். ஆனால் நாம் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் மூன்றாவது நிமிஷத்தில் "சரி, வை" என்பீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. உறைக்குள் ஒரு போட்டோவும் இருக்கிறது. கடிதத்தைப் படித்துவிட்டு அதைப் பாருங்கள். நீங்கள் முதலில் போட்டோவைத்தான் எடுத்திருப்பீர்கள், தெரியும்.

நான் வந்து சேர்ந்திருக்கிற ஊர் உங்கள் தொழிலுக்குத் தாய்வீடு மாதிரி. டார்க் ரூமில் நான் பென்சில் போட்டு வைத்திருந்தேனே, அக்ஃபா பேப்பர் டப்பா, அந்த அக்ஃபா இருந்த லெவர்குசன் எங்களுக்குப் பக்கத்து ஊர். அவர்களுடைய ஃபிலிம் கம்பெனி 2005-இல் திவாலாகிவிட்டது. நீங்கள் பத்திரிகையில் படம் பார்த்துப் பெருமூச்சு விடுவீர்களே, போட்டோகினா கண்காட்சி, அதுவும் இங்கேதான். 1950-இல் தொடங்கியது, 2018-உடன் சரி. நான் வந்த நேரத்துக்கு எல்லாம் முடிந்துவிட்டது. ஆற்றுக்கு அந்தக் கரையில் கண்காட்சிக் கூடம் மட்டும் நிற்கிறது. பஸ்ஸில் கடக்கும்போதெல்லாம் உங்களை நினைத்துக்கொள்வேன்.

பாஸ்போர்ட் போட்டோ என்றதும் இன்னொன்று. இந்த மே மாதத்திலிருந்து ஜெர்மனியில் அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் காகித போட்டோ கிடையாது. அனுமதி பெற்ற ஸ்டுடியோ எடுத்து கம்ப்யூட்டர் வழியாக நேரே அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும், அல்லது அலுவலகத்திலேயே ஒரு மெஷின் முன்னால் நிற்கவேண்டும். சிரிக்கக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. "காதைக் காட்டு, தலையை நிமித்து" என்று அதட்ட ஒரு ஆள் இல்லாத போட்டோ என்ன போட்டோ?

சரி, வேலைக்கு வருகிறேன். முதியோர் இல்லத்தில் எங்கள் மாடியில் 28 பேர். மொழி இப்போது பரவாயில்லை. கொலோன் பேச்சு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. பிப்ரவரியில் இங்கே கார்னிவல் வந்தது. நம் ஊர் ஆடித் தபசுத் திருவிழா மாதிரி ஊரே தெருவில் நிற்கும். முதல் நாள் பெண்களுடைய நாள், ஆண்களின் டையைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவார்கள். வெட்டப்பட்டவர் கோபப்படக் கூடாது! இல்லத்திலும் தாத்தா பாட்டிகளுக்குக் கோமாளித் தொப்பி, மூக்கில் சிவப்புப் பந்து. நான் சந்தோஷத்தில் நாலு படம் எடுத்து நம் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேனே, நினைவிருக்கிறதா? அதைக் கூட வேலை செய்கிற ஒருத்தியிடமும் காட்டிவிட்டேன். மறுநாள் மேற்பார்வையாளர் கூப்பிட்டார். கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "அந்த முகம் உன்னுடையதா?" என்று மட்டும் கேட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. எல்லாவற்றையும் அழித்தேன். தம்பியையும் அழிக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டு அவன் என்னைப் படுத்தியது தனிக் கதை.

பிறகு மொழி வகுப்பு ஆசிரியையிடம் இதைச் சொன்னபோது, அடுத்தவர் படத்தைப் பற்றி இங்கே இருக்கிற சட்டம் எப்படி வந்தது என்று அவர் சொன்ன கதைதான் உங்களுக்கு வேண்டியது. ஜெர்மனியின் முதல் சான்சலர் பிஸ்மார்க் 1898 ஜூலை 30 ராத்திரி இறந்துபோனார். ஹாம்பர்க்கிலிருந்து இரண்டு போட்டோகிராபர்கள் வேலைக்காரருக்குப் பணம் கொடுத்து, விடிவதற்கு முன்னால் அந்த அறைக்குள் புகுந்து, மெக்னீசியம் வெளிச்சத்தில் பிணத்தைப் படம் எடுத்துவிட்டார்கள். விற்கப் பார்த்தபோது மாட்டிக்கொண்டார்கள். குடும்பம் வழக்குப் போட்டது, பிளேட்டுகளைப் பறிமுதல் செய்தார்கள், இரண்டு பேரும் ஜெயிலுக்குப் போனார்கள். அந்தக் கலவரம்தான் 1907-இல் சட்டமாக வந்தது. ஒருவர் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் பரப்பக் கூடாது. இறந்த பிறகும் 10 வருஷத்துக்கு வீட்டாரின் சம்மதம் வேண்டும்.

வகுப்பில் எல்லோரும் "ஐயோ, பிணத்தையா?" என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இழவு வீட்டிலிருந்து ஆள் வந்தால் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் கேமராவோடு சைக்கிள் ஏறுகிற அப்பாவுக்குப் பிறந்தவள் நான் என்று எப்படிச் சொல்வது? நாற்காலியில் சாத்தி உட்கார வைத்து, மாலை போட்டு, நாடிக்கட்டுத் தெரியாமல் எடுப்பீர்கள். ஆயுசுக்கும் ஒரு போட்டோ எடுக்காமல் போனவர்களுக்கு அந்த முகத்தைப் பெரிதாக்கி, பிரஷ்ஷால் கண் திறந்து கொடுப்பீர்கள். "கண்ணைத் தொறந்து குடுங்கண்ணே" என்று கேட்டுக்கொண்டு வருவார்களே. அந்த இரண்டு பேர் திருட்டுத்தனமாகச் செய்ததும் நீங்கள் செய்ததும் ஒன்றல்ல. உங்களை வீட்டார் கூப்பிட்டார்கள். நடு இரவென்றாலும் வாசலில் நின்று செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனீர்கள்.

ஆனால் ஷோகேஸ் விவகாரத்தில் நீங்கள் மாட்டியதையும் நான் மறக்கவில்லை. ஒரு பொண்ணு தாவணியில் நன்றாக விழுந்திருக்கிறாள் என்று அவள் படத்தைப் பெரிதாக்கி வாசலில் மாட்டினீர்கள். அவள் சித்தப்பாமார் மூன்று பேர் வந்து கடை வாசலில் நின்றார்கள். "நல்லா இருக்குன்னுதானே வச்சேன்" என்று இன்றைக்கும் சொல்வீர்கள். அந்த அக்காவிடம் நீங்கள் கேட்கவே இல்லை, அப்பா. கார்னிவல் போட்டோவுக்கு நான் வாங்கிய திட்டும் அதே கணக்குத்தான்.

இந்த ஊரில் ஆகஸ்ட் சாண்டர் என்று ஒருவர் ஸ்டுடியோ வைத்திருந்தார். 1876-இல் பிறந்தவர். சின்ன வயதில் சுரங்கத்தில் வேலை பார்க்கும்போது அங்கே படம் எடுக்க வந்த ஒருவரின் கேமராவைப் பார்த்து ஆசை பிடித்து இந்தத் தொழிலுக்கு வந்தவர். கொலோனில் வியாபாரம் போதவில்லை என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வெஸ்டர்வால்ட் கிராமங்களுக்குச் சைக்கிளில் போய் விவசாயிகளைப் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறார். சைக்கிள் என்று படித்ததுமே எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது. அப்புறம் இருபதாம் நூற்றாண்டின் மனிதர்கள் எல்லோரையும் எடுத்துவிடுவது என்று கிளம்பினார். விவசாயி, கொத்தனார், வக்கீல், வேலையில்லாதவர், சர்க்கஸ்காரர், பிச்சைக்காரர் என்று. முக்கால்வாசிப் படங்களுக்குக் கீழே பேர் இருக்காது, தொழில் மட்டும்தான்.

அவர் படங்களில் 1914-இல் எடுத்த ஒன்றைத்தான் முதலில் பார்த்தேன். மூன்று இளவட்டங்கள் கறுப்புக் கோட்டு, தொப்பி, கைத்தடியோடு மண் பாதையில் நடனத்துக்குப் போகிற வழியில் நின்று திரும்பிப் பார்க்கிறார்கள். ஒருவன் வாயில் சிகரெட், தொப்பி கோணல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தபசுக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, உங்களிடம் கூலிங் கிளாஸ் இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு நின்ற தறிக்காரப் பையன்களேதான்! இன்னொன்றில் ஒரு கேக் மாஸ்டர், 1928. வட்டமான தலை, பெரிய வயிறு, கையில் பாத்திரம். நேராக நம்மைப் பார்க்கிறார். சாண்டர் யாரையும் ஒளிந்து நின்று எடுக்கவில்லை. எப்படி நிற்பது என்பதை நிற்கிறவரிடமே விட்டுவிட்டார். அது அவர் கைவரிசையா, நிற்கிறவருடையதா என்று கேட்டால் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உங்கள் ஸ்டுடியோ படங்களிலும் அப்படித்தான்.

60 படங்களோடு 1929-இல் அவர் ஒரு புத்தகம் போட்டார். நாஜிகள் 1936-இல் அதன் அச்சுப் பிளேட்டுகளை அழித்துவிட்டார்கள். அவர்கள் காட்ட விரும்பிய ஜெர்மானிய முகம் அதில் இல்லை போலும். மூத்த மகன் எரிக் அவர்களை எதிர்த்ததற்காக 10 வருஷம் சிறை பெற்று, விடுதலை நெருங்கும்போது 1944-இல் சிறையிலேயே செத்துப்போனான். அந்தப் பையனின் முகத்தை வார்த்து எடுத்த அச்சைச் சாண்டர் படம் எடுத்து, தன் தொகுப்பின் கடைசியில் வைத்தார். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பெற்ற பிள்ளைக்கு யார் அப்பா கேமராவைத் தூக்குவார்?

நான் சொல்லவந்தது அதற்கும் முந்தியது. கொலோனிலிருந்த யூதர்கள் 1938 வாக்கில் அடையாள அட்டைக்காகவும் ஊரைவிட்டுப் போவதற்காகவும் அவர் ஸ்டுடியோவுக்கு வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். வெறும் பாஸ்போர்ட் சைஸ் மூஞ்சிதான், அப்பா. சாண்டர் அவற்றை வீசவில்லை. போருக்குப் பிறகு "துன்புறுத்தப்பட்டவர்கள்" என்று ஒரு பகுதியாகத் தன் தொகுப்பில் சேர்த்துவிட்டார். கோட்டுப் போட்ட ஒரு பெரியவர், தலையை இழுத்து வாரிய ஒரு அம்மா. அவர்கள் முகத்தில் பயம் எழுதி ஒட்டியிருக்கவில்லை. அரசாங்கம் கேட்டபடி உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் எதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தபின் பார்க்கவே முடியவில்லை.

அந்தப் பெட்டியில் யார் யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். துபாய்க்கும் சவுதிக்கும் போக முதல் தடவை சட்டைப் பட்டனைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர்கள். சிலர் திரும்பி வரவில்லை. பெண் பார்க்க அனுப்ப வேண்டும் என்று அத்தை கையைப் பிடித்துக்கொண்டு வந்த பெண்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சை ஹால் டிக்கெட்டுக்கு வந்து, பரீட்சைக்குப் போகாத பிள்ளைகள். நீங்களே ஒவ்வொரு முகமாகச் சொன்னதுதான் எல்லாம், நெகட்டிவை லைட்டுக்கு நேரே பிடித்துக்கொண்டு.

இனி உறைக்குள் இருக்கும் பாட்டியைப் பார்க்கலாம். இவருக்கு 91 வயது. ஆயிரம் விமானங்கள் வந்து கொலோன் மேல் குண்டு போட்ட 1942 மே மாத ராத்திரி இவருக்கு எட்டு வயது. பாதாள அறைக்கு ஓடும்போது இவர் அம்மா தூக்கிக்கொண்டு போனது போட்டோ வைத்திருந்த பிஸ்கட் டப்பாவை. அது இன்னும் அவர் கட்டில் பக்கத்தில் இருக்கிறது. கார்னிவல் கலாட்டா அவர் காதுக்கும் போயிருக்கிறது. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "எனக்கு ஒரு படம் எடு, டோட்டன்செட்டலுக்கு வேண்டும்" என்றார். இங்கே கத்தோலிக்கர்கள் அடக்கத்தன்று பேரும் தேதியும் ஜெபமும் அச்சடித்து, போட்டோ போட்டு ஒரு சின்ன அட்டை கொடுப்பார்கள். நம் ஊர் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குச் சின்னத் தங்கச்சி. அதற்குத் தன் படத்தைத் தானே தயார் செய்து வைக்கிறார்.

வியாழக்கிழமை முடி திருத்துகிறவர் வந்து போன பிறகு எடுத்தேன். போனில்தான், திட்டாதீர்கள். வடக்கு ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டேன். மறுபக்கம் கேரளத்துத் தோழி வெள்ளைப் படுக்கை விரிப்பை விரித்துப் பிடித்தாள், உங்கள் தெர்மோகோலுக்குப் பதிலாக. பச்சைக் கோட்டும் முத்து மாலையும் போட்டு, உதட்டுச் சாயத்தை அவரே கண்ணாடி பார்த்துப் பூசிக்கொண்டார். "தாடையைக் கொஞ்சம் இறக்குங்கள்" என்றேன். இறக்க மாட்டேன் என்றார். விட்டுவிட்டேன். படம் நன்றாக வந்ததற்கு அந்தத் தாடைதான் காரணம் என்று நினைக்கிறேன். உங்களுக்கு ஒரு பிரதி அனுப்பலாம் என்று தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். ஷோகேஸில் மாட்டக் கூடாது. இந்த நிபந்தனையை எழுதச் சொன்னது நான்.

கடைசியாகப் பெட்டி. வெள்ளிக்காரர் கேட்பது கறுப்பு வெள்ளையை மட்டும்தான், கலரில் வெள்ளி மிஞ்சாது என்பது உங்களுக்கே தெரியும். அவர் எவ்வளவு சொன்னாரோ அதை நான் இந்த மாதச் சம்பளத்தில் அனுப்பிவிடுகிறேன். பெட்டியை மாடியிலிருந்து இறக்கி உள் அறையில் வையுங்கள், மேலே தகரச் சூடு ஆகாது. புளித்த காடி வாடை அடிக்கிறதைத் தனியே பிரித்துவிடுங்கள், மற்றதையும் கெடுத்துவிடும். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், காகித உறை போதும், தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் நம் ஊர்ப் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடி ஸ்கேன் எடுத்து, லண்டன் பிரிட்டிஷ் நூலகம் வழியாகப் பாதுகாத்திருக்கிறார்கள். அவர்கள் கணக்கு 1880 முதல் 1980 வரை. நீங்கள் கடை போட்டது 1976. முதல் நாலு வருஷம் அதற்குள் வந்துவிடுகிறது. சாண்டருக்கும் எல்லாம் தங்கவில்லை. குண்டுக்குப் பயந்து ஒரு பகுதியைக் கிராமத்துக்குக் கொண்டுபோய்விட்டார். கொலோன் பாதாள அறையில் விட்டுவைத்த சுமார் முப்பதாயிரம் நெகட்டிவ், குண்டுக்குத் தப்பியும், போர் முடிந்து 1946-இல் ஒரு தீயில் போய்விட்டது.

ஆனால் யாரிடமும் கொடுப்பதற்கு முன்னால், தாவணி அக்காவின் நெகட்டிவைத் தனியாக எடுத்து வையுங்கள். இப்போது பேரன் பேத்தி எடுத்திருப்பார். தம்பியை அனுப்பி அவரிடமே கேட்கச் சொல்லுங்கள்.

பாட்டி உங்களுக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். அப்பா முப்பது வருஷம் பென்சிலால் டச்சிங் செய்தவர் என்று நான்தான் உளறிவிட்டேன். இடது கன்னத்தில் அந்த மச்சத்தை எடுத்துவிட முடியுமா என்று கேட்கிறார். சாண்டர் டச்சிங்கையே விட்டொழித்தவர் என்று சொல்லிப் பார்த்தேன். "சாண்டருக்கு மச்சம் இருந்ததா?" என்றார். வேண்டாம், இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அவரிடம் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு முட்டு வலித் தைலம் அடுத்த பார்சலில் வரும்.

உங்கள்
பாப்பா