வரைவுக்கும் மதிப்பெண் கொடுங்கள்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளிக் கல்வித் துறையினருக்கு,

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 8-ஆம் வகுப்புத் தமிழ் வழிப் பிள்ளைகள் 38 பேருக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். வகுப்பறைச் செயல்பாடுகளுக்குத் தரும் வளரறி மதிப்பீட்டின் 40 மதிப்பெண்ணில் ஒரு பங்கை, பிள்ளைகள் கணினியில் கூடி எழுதித் திருத்தும் வரைவுகளுக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

கட்டுரை நோட்டுகளைச் சுமந்துபோய் வீட்டில் உட்கார்ந்து சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தே பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. பிள்ளைகள் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், நோட்டை மூடிவிடுவார்கள். அடுத்த கட்டுரையிலும் அதே பிழை வந்து நிற்கும்.

சென்ற ஆண்டு ஆய்வகக் கணினி ஒன்றில், பலர் ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் எழுத உதவும் ஈதர்பேடு என்ற மென்பொருளை நிறுவினோம். 2008-இல் வந்தது, 2009-இல் கூகுள் அதை வாங்கி, நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதனால் செலவில்லை. ஒரு கணினியில் இருந்தால் போதும், ஆய்வகத்துக்குள் அதோடு இணைந்த மற்றவற்றிலும் அதே பக்கம் திறக்கும். இணையம் அறுந்தாலும் வேலை நிற்காது. ஒவ்வொரு கணினியிலிருந்து வரும் எழுத்தும் தனி நிறத்தில் தெரியும்.

ஒரு மாணவி, எங்கள் ஆடு இரண்டு குட்டி போட்டது என்பதை ஆங்கிலத்தில் "அவர் கோட் கேவ் பர்த் டு டூ கிட்" என்று தட்டினாள். தமிழில் "இரண்டு குட்டி போட்டது" என்றாலே போதும், "குட்டிகள்" தேவையில்லை. அந்தப் பழக்கம்தான் ஆங்கிலத்திலும் வருகிறது. பக்கத்துக் கணினியில் இருந்தவன் உரையாடல் பெட்டியில் தமிழிலேயே கேட்டான்: "கிட் என்றால் குழந்தை. ஆடு குழந்தையா பெற்றது?" அவள் அகராதியைப் புரட்டி, ஆட்டுக்குட்டிக்கும் அதே சொல்தான் என்று காட்டினாள். "இரண்டு என்றால் கடைசியில் எஸ் வேண்டும்" என்றாள் இன்னொருத்தி. "பகலா, இரவா? யார் பார்த்தது?" என்று மறுபடியும் கேள்வி. அதற்குப் பதிலாக மழை வந்தது, கொட்டகை வந்தது, டார்ச் விளக்கோடு பாட்டி வந்தாள். ஒற்றை வரி ஆறு வரியானது. "விரிவாக எழுதுக" என்று ஓரத்தில் நான் எழுதிய குறிப்புகள் ஒரு வரியைக்கூட வரவழைத்ததில்லை.

முதல் நாள் எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. ஒருவன் எழுதிய பத்தியை இன்னொருவன் அழித்துவிட, பையன் அழுதேவிட்டான். பழைய நிலைக்குப் பின்னோக்கிப் போகும் வசதியால் மீட்டோம். அடுத்தவர் வரியைத் தொடக்கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம் என்ற விதி அன்றுதான் பிறந்தது.

மொழிபெயர்ப்புச் செயலியிலிருந்து ஒட்டிவிட மாட்டார்களா என்று கேட்பீர்கள். அந்தப் பின்னோக்கிப் பார்வையில் ஒவ்வொரு எழுத்தும் விழுந்த வரிசை தெரிகிறது. ஒட்டிய பத்தி மொத்தமாக வந்து விழும். கூகுள் டாக்ஸைப் பயன்படுத்தாததற்கும் காரணம் உண்டு. அதில் யார் எழுதினார்கள் என்று தெரிய வேண்டுமானால் பிள்ளைகளுக்குக் கணக்கு தொடங்க வேண்டியிருக்கும். 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவுகளுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஈதர்பேடில் கணக்கும் வேண்டாம், கைப்பேசி எண்ணும் வேண்டாம். தேர்வு தாளில்தானே? இறுதி வரைவை நோட்டில் கையால் எழுத வைக்கிறேன்.

மதிப்பெண் இல்லாத வேலையைத் தேர்வு நெருங்கும்போது முதலில் கைவிடுவோம். நானே கடந்த ஜனவரியில் கைவிட்டேன், அதனால்தான் கேட்கிறேன். வாரம் ஒரு பாடவேளை ஆய்வகத்தை எழுத்துக்கென ஒதுக்கச் சொல்லுங்கள். ஆசிரியர்களுக்கான வட்டார வள மையப் பயிற்சியில் ஒரு நாளை இதற்குக் கொடுங்கள். மென்பொருளை நிறுவும் முறையை அங்கே வந்து சொல்லித்தர நான் தயார்.

அந்த ஆட்டுக்குட்டிக் கட்டுரையின் எல்லா வரைவுகளையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை மூன்றாம் பாடவேளையில் உங்களில் யாராவது வந்தால், எழுதியவளே திரையில் காட்டி விளக்குவாள்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியை